விளிம்பில் விழும் ஆறுகள்: ஆப்பிரிக்க அருவிகளும் அவற்றின் தண்ணீரும்

ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய அருவி எது என்று கேட்டால் மூன்று விடைகள் கிடைக்கும். மூன்றுமே சரியானவைதான். உயரத்தைக் கணக்கில் எடுத்தால் தென்னாப்பிரிக்காவின் துகேலா. டிராக்கன்ஸ்பெர்க் மலைச்சுவரில் ஐந்து படிகளாக 948 மீட்டர் இறங்குகிறது. உலகின் மிக உயரமான அருவி என்ற பட்டம் வெனிசுலாவின் ஏஞ்சல் அருவிக்கு (979 மீட்டர்) உரியதா, துகேலாவுக்கு உரியதா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. துகேலாவை மறுபடி அளந்தவர்கள் அதன் உயரம் 980 மீட்டரைத் தாண்டும் என்கிறார்கள். அறுபடாத ஒரே நீர்த்திரையின் பரப்பைக் கணக்கில் எடுத்தால் சாம்பெசி ஆற்றின் விக்டோரியா அருவி. அகலம் 1,708 மீட்டர், ஆழமான இடத்தில் வீழ்ச்சி 108 மீட்டர். தண்ணீரின் அளவுதான் முக்கியம் என்றால் காங்கோ ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள இங்காவுக்கு நிகராக அந்தக் கண்டத்தில் எதுவும் இல்லை. அங்கே செங்குத்தான பாறைச்சுவர் கிடையாது. ஆனால் விநாடிக்குச் சராசரியாக 41,000 கன மீட்டர் தண்ணீர் பாறைகளுக்கு நடுவே சரிந்து இறங்குகிறது. துகேலாவிலோ குளிர்கால மாதங்களில் பல நாட்கள் தண்ணீரே பெயரளவுக்குத்தான் இருக்கும்.

உயரப் பட்டியல்கள் பாறையை அளக்கின்றன. பாறை பல நூறாயிரம் ஆண்டுகளுக்கு அங்கேயே இருக்கும். அருவி என்பது அந்தப் பாறையின் மேல் வரும் தண்ணீர். அது மாதத்துக்கு மாதம் மாறும், மேலே ஒரு மதகை மூடினால் ஒரு மணி நேரத்திலும் மாறும். ஆகவே ஆப்பிரிக்க அருவிகளைப் பற்றிப் பேசும்போது நாம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதில் இன்று எவ்வளவு தண்ணீர் விழுகிறது, அந்த அளவைத் தீர்மானிப்பது யார்? சில அருவிகளில் மழை தீர்மானிக்கிறது. பல அருவிகளில் மின் வாரியம் தீர்மானிக்கிறது. இரண்டு பெரிய அருவிகளில் முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை. கண்டத்தின் அருவிகளை அந்தக் கண்ணோட்டத்தில் ஒருமுறை சுற்றிப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

முதலில், இத்தனை அருவிகள் அங்கே எப்படி வந்தன? ஆப்பிரிக்காவின் தெற்கும் கிழக்கும் பெரும்பாலும் உயர்ந்த பீடபூமி. கடலோரமாகக் குறுகிய சமவெளி, அதன் பின்னால் சட்டென்று எழும் மலைவிளிம்பு, அதற்கு மேல் ஆயிரம் மீட்டருக்கும் அதிக உயரத்தில் பரந்த நிலம். உயரமான திண்ணையிலிருந்து தெருவில் கால்வைப்பதைப்போல ஆறுகள் இந்த விளிம்பைத் தாண்டித்தான் கடலுக்கு வரவேண்டும். கங்கையும் அமேசானும் கடைசி ஆயிரம் கிலோமீட்டரை ஏறக்குறைய மட்டமாகக் கடக்கின்றன. காங்கோவோ பயணத்தின் கடைசிக் கட்டத்தில்தான் உடைந்து விழுகிறது. கின்ஷாசாவுக்கும் மட்டாடி துறைமுகத்துக்கும் இடையில் சுமார் 350 கிலோமீட்டரில் 32 துள்ளோட்டங்கள், மொத்தம் 270 மீட்டர் இறக்கம். இந்த ஒரு நில அமைப்பு அந்தக் கண்டத்தின் வரலாற்றில் எவ்வளவு தூரம் தலையிட்டது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

விளிம்பு இருந்தால் மட்டும் போதாது. தண்ணீர் அரிக்க முடியாத கெட்டிப் பாறை உச்சியில் இருந்தால்தான் அருவி நிலைக்கும். தெற்கு ஆப்பிரிக்காவுக்கு அந்தப் பாறையைக் கொடுத்தது சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த எரிமலைப் பெருக்கு. கோண்டுவானா பெருங்கண்டம் பிளவுபடத் தொடங்கிய காலம் அது. மலையுச்சிகளிலிருந்து அன்றி, நிலத்தின் நீண்ட வெடிப்புகளிலிருந்து எரிகுழம்பு பொங்கி அடுக்கடுக்காகப் பரவியது. துகேலா விழும் டிராக்கன்ஸ்பெர்க்கின் கரிய சுவர், லெசோத்தோவில் 192 மீட்டர் ஒரே வீச்சில் விழும் மலெட்சுன்யானே அருவியின் விளிம்பு, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் விக்டோரியா அருவியைத் தாங்கும் பாறை ஆகிய மூன்றும் அந்த ஒரே பெருக்கின் பசால்ட்டுதான்.

விக்டோரியா அருவியில் இந்தப் பாறையின் குணம் வெளிப்படையாகத் தெரிகிறது. எரிகுழம்பு ஆறிச் சுருங்கியபோது அதில் நீண்ட விரிசல்கள் விழுந்தன. பிற்பாடு மென்மையான படிவுகள் அந்த விரிசல்களை நிரப்பின. சாம்பெசி அந்தப் படிவுகளைச் சுரண்டி எடுத்து, ஆற்றின் போக்குக்குக் குறுக்காக ஓர் ஒடுங்கிய பிளவை உண்டாக்கியது. அருவி விழுவது அந்தப் பிளவுக்குள். எதிர்ச்சுவர் மிக அருகில் இருப்பதால் அருவியின் முழு அகலத்தையும் தரையில் நிற்கும் எவராலும் ஒரே பார்வையில் பார்க்க முடியாது. விழுந்த தண்ணீர் காற்றோடு மேலெழும்பிச் சாரலாக எதிர்க்கரையில் பொழிகிறது. சுற்றிலும் வறண்ட புதர்க்காடு இருக்க, அந்த எதிர்க்கரையில் மட்டும் ஆண்டு முழுதும் நனைந்த ஒரு சிறு மழைக்காடு வளர்ந்திருக்கிறது. அருவிக்குக் கீழே ஆறு வலமும் இடமுமாக மடிந்து மடிந்து ஓடும் பள்ளங்கள் ஒவ்வொன்றும் முன்பு அருவி விழுந்த இடம். ஒரு விரிசலை அரித்து முடித்ததும் ஆறு பின்வாங்கி அடுத்த விரிசலைப் பிடிக்கும். மேற்குக் கோடியில், சாத்தான் அருவி என்று வழிகாட்டிகள் அழைக்கும் இடத்தில், விளிம்பு மற்ற இடங்களைவிடத் தாழ்ந்திருக்கிறது. அடுத்த பின்வாங்கல் அங்கேதான் தொடங்கியிருக்கிறது.

கிழக்கே கதை வேறு. அங்கே நிலமே பிளந்துகொண்டிருக்கிறது. பெரும்பிளவுப் பள்ளத்தாக்கின் மேற்குக் கிளையில் அடுத்தடுத்து ஏரிகள். பக்கத்து மேட்டுநிலத்திலிருந்து அந்த ஏரிகளை நோக்கி இறங்கும் ஆறுகள் விளிம்பில் விழுகின்றன. உகாண்டாவில் ஆல்பர்ட் ஏரியை நோக்கி இறங்கும் நைல் மர்ச்சிசன் அருவியாகிறது. ஜாம்பியா, தான்சானியா எல்லையில் டாங்கனீக்கா ஏரியை நோக்கி இறங்கும் சிற்றாறு கலம்போ அருவியாகிறது. எத்தியோப்பியாவின் தீஸ் அபாயோ, தானா ஏரியை உண்டாக்கிய எரிமலைக் குழம்பின் விளிம்பில் விழுகிறது. மற்ற வட்டாரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மொராக்கோவின் அட்லஸ் மலையில் 110 மீட்டர் உயரத்தில் ஊசூத், கானாவும் டோகோவும் சந்திக்கும் மலையில் வௌவால் கூட்டங்கள் சூழ்ந்த வ்லி, கென்யாவில் ந்யாஹுருரு, கேமரூனில் ஆறு நேரே கடலில் விழும் லோபே. ஆரஞ்சு ஆற்றின் ஆக்ரபீஸ் இவற்றைவிடக் கூடுதல் கவனத்துக்குரியது. பாலைநிலத்தின் நடுவே, பழமையான கருங்கல்லில் 56 மீட்டர் விழுந்து, 18 கிலோமீட்டர் நீளப் பள்ளத்தில் அடங்கிவிடும் அந்த ஆறு 1988 வெள்ளத்தில் பல கிளைகளாகப் பாறை முழுவதும் பாய்ந்தது.

இனி வரலாறு. 1482-ல் போர்த்துக்கீசிய மாலுமி தியோகோ காவ் காங்கோவின் முகத்துவாரத்தை அடைந்தார். அடுத்த பயணத்தில் யெல்லாலா துள்ளோட்டம் வரை சென்ற அவருடைய குழு, அங்குள்ள பாறையில் தங்கள் பெயர்களைப் பொறித்துவிட்டுத் திரும்பியது. அதற்கு மேல் கப்பல் போகாது. 1816-ல் ஜேம்ஸ் டக்கி என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி அதே ஆற்றில் முயன்றார். துள்ளோட்டங்களைக் கால்நடையாகச் சுற்றிச் செல்லும்போது காய்ச்சல் பரவிக் குழுவில் பலர் இறந்தனர், அவரும் இறந்தார். ஐரோப்பியர் கடற்கரையில் கோட்டை கட்டி நானூறு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தும் உள்நாட்டுக்குள் நுழைய முடியாமல் போனதற்குக் காய்ச்சலும் உள்ளூர் அரசுகளின் வலிமையும் காரணங்கள். மூன்றாவது காரணம் ஆறுகளின் இந்தக் கடைசிப் படிக்கட்டு.

அந்தப் படிக்கட்டை ஏற்க மறுத்தவர் பிரிட்டிஷ் சமயப் பணியாளர் டேவிட் லிவிங்ஸ்டன். 1855 நவம்பரில் மக்கோலோலோ படகோட்டிகள் அவரைச் சாம்பெசி அருவியின் விளிம்பிலுள்ள ஒரு தீவுக்கு அழைத்துச் சென்றார்கள். அவர்கள் மோசி-ஓவா-துன்யா என்று அழைத்த அருவிக்கு அவர் தம் அரசியின் பெயரைச் சூட்டினார். லேயா மக்கள் தங்கள் முன்னோரை வழிபட்டுவந்த இடம் அது. 1989-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இரண்டு பெயர்களும் இடம்பெற்றன. ஆனால் லிவிங்ஸ்டனுக்கு அருவியைவிட ஆறுதான் முக்கியம். சாம்பெசி வழியாகக் கப்பல் விட்டு வணிகத்தையும் கிறித்தவத்தையும் உள்நாட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று பிரிட்டனை நம்பவைத்தார். 1858-ல் அரசாங்கப் பணத்தில் நீராவிப் படகோடு வந்தபோது மொசாம்பிக்கின் கப்ரபாசா துள்ளோட்டங்கள் வழியை அடைத்து நின்றன. முதல் பயணத்தில் அவர் அந்தப் பகுதியைச் சுற்றிக்கொண்டு போயிருந்தார், நேரில் பார்த்திருக்கவில்லை. திட்டம் அங்கேயே நொறுங்கியது. அந்தத் துள்ளோட்டங்கள் 1974-ல் கட்டி முடிக்கப்பட்ட கஹோரா பாசா அணையின் நீருக்கடியில் இப்போது கிடக்கின்றன.

காங்கோவில் ஹென்றி ஸ்டான்லி 1877-ல் மேலிருந்து கீழாக வந்தார். அவருடன் புறப்பட்ட ஐரோப்பியர்களில் கடைசியாக மிஞ்சியிருந்த பிராங்க் போகாக் அந்தத் துள்ளோட்டங்களில் ஒன்றில் மூழ்கி இறந்தார். எத்தனையோ ஆப்பிரிக்கச் சுமைகாரர்களும் படகோட்டிகளும் மாண்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் பெயர் யாருக்கும் தெரியாது. அந்தப் பகுதி முழுவதற்கும் ஸ்டான்லி லிவிங்ஸ்டன் பெயரை வைத்தார். லிவிங்ஸ்டன் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. பிறகு ரயில்பாதை வந்தது. 1890-ல் தொடங்கி 1898-ல் முடிந்த மட்டாடி ரயில்பாதை, கப்பல் போக முடியாத அந்தப் பகுதியைச் சுற்றிக்கொண்டு போவதற்காகவே போடப்பட்டது. அதைப் போடும்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் செத்தார்கள். அந்த வழியாகத்தான் பெல்ஜியத்தின் லியோபோல்டு மன்னரின் ரப்பரும் தந்தமும் கடலுக்கு வந்தன. அருவி நூற்றாண்டுகளாக அடைத்துவைத்திருந்த கதவை ரயில் திறந்தது. காங்கோ மக்கள் அதற்குக் கொடுத்த விலையை உலகம் அறியும்.

இருபதாம் நூற்றாண்டில் அருவிக்கு வேறு பொருள் வந்தது. தடையாக இருந்த இடம் மின்சாரம் எடுக்கும் இடமாயிற்று. இந்த மாற்றத்தை நைல் நதியில் வரிசையாகப் பார்க்கலாம். 1862 ஜூலையில் ஜான் ஸ்பீக், விக்டோரியா ஏரியிலிருந்து நைல் வெளியேறும் இடத்தைக் கண்டு, அங்கிருந்த சிறிய வீழ்ச்சிக்கு ரிப்பன் என்று பெயரிட்டார். இன்று உகாண்டாவின் ஜிஞ்சா நகரத்துக்குச் சென்று ரிப்பன் அருவியைத் தேடினால் ஓடும் தண்ணீர்தான் இருக்கும். சற்றுக் கீழே ஓவன் அருவியில் கட்டப்பட்டு 1954-ல் எலிசபெத் அரசி திறந்துவைத்த அணை இரண்டையும் விழுங்கிவிட்டது.

அதற்கு அடுத்தது புஜகாலி. சோகா மக்களின் நம்பிக்கையில் அந்தத் துள்ளோட்டம் புஜகாலி என்ற தெய்வ ஆவியின் இருப்பிடம், அதற்கென்று மருளாடி உண்டு. 250 மெகாவாட் அணைக்காக அதை மூழ்கடிக்கத் திட்டம் வந்தபோது ஆவியை இடம் மாற்றும் சடங்குகளுக்கு ஏற்பாடு செய்தார்கள். அந்த ஆவியை இடம் மாற்ற முடியுமா என்பதிலேயே மருளாடிகளுக்குள் உடன்பாடு இல்லை. 2012-ல் அணை திறக்கப்பட்டது, அருவி நீருக்குள் போயிற்று. இழப்புக்கு ஈடாக, கீழே உள்ள கலகாலா அருவியும் அதன் சுற்றுப்புறமும் தொடப்படாது என்று உகாண்டா அரசு உலக வங்கியோடு ஒப்பந்தம் செய்திருந்தது. சில ஆண்டுகளுக்குள் அதற்கும் கீழே இசிம்பா என்ற 183 மெகாவாட் அணை எழுந்தது. அதன் நீர்த்தேக்கம் அந்தப் பாதுகாப்புப் பகுதியின் ஒரு பங்கையும் மூழ்கடித்தது, ஒப்பந்தத்தின் எல்லைகளைத் திருத்தி எழுதினார்கள். ஓர் அருவிக்கு இன்னொரு அருவியை ஈடாகக் காட்டும் ஏற்பாட்டின் மேல் எனக்கு நம்பிக்கை போனது இந்தச் செய்தியைப் படித்தபோதுதான். ஈடாகக் கொடுத்த அருவிக்கும் அடுத்த திட்டம் வரும். அது வராமல் தடுக்கும் வலிமை அந்த ஒப்பந்தத்துக்கு இருக்கவில்லை என்றே இதற்குப் பொருள்.

நைலில் இன்னும் முழுமையாக மிஞ்சியிருப்பது மர்ச்சிசன். முழு ஆறும் சுமார் 7 மீட்டர் அகலமே உள்ள பாறை இடுக்கில் நெருக்கி நுழைந்து 43 மீட்டர் விழுகிறது. 1864-ல் சாமுவேல் பேக்கரும் அவர் மனைவி புளோரன்சும் அங்கே வந்தார்கள். லண்டன் புவியியல் சங்கத் தலைவரின் பெயர் அதற்கு வந்தது. இடி அமீன் ஆட்சியில், பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட்ட புன்யோரோ மன்னர் கபலேகாவின் பெயரைச் சூட்டினார்கள், அமீன் ஆட்சி போனதும் பழைய பெயர் திரும்பிவிட்டது. புன்யோரோ மக்களின் நினைவில் கபலேகா இன்றும் பெருவீரர். அமீனின் கொடுமைகளுக்கான தண்டனையை அந்த மன்னரின் பெயர் சுமந்திருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். 1962-ல், உகாண்டா விடுதலை பெற்ற ஆண்டில், பெருவெள்ளம் பக்கவாட்டில் உடைத்துக்கொண்டு இரண்டாவது அருவி ஒன்றை உண்டாக்கியது. அதற்கு உஹுரு, அதாவது விடுதலை, என்று பெயர். 2019-ல் தென்னாப்பிரிக்க நிறுவனம் ஒன்று இந்த இடத்தில் மின்நிலையம் கட்ட அனுமதி கேட்டது. சுற்றுலாத் தொழிலில் இருப்பவர்களும் இயற்கை ஆர்வலர்களும் தெருவுக்கு வந்தார்கள். திட்டத்தைக் கைவிட்டதாக அரசு அறிவித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே சாத்தியக்கூறு ஆய்வுக்கு மறுபடி வழிவிட்டது. மர்ச்சிசன் இன்றும் விழுகிறது. அது இருக்கும் தேசியப் பூங்காவுக்குள் எண்ணெய்க் கிணறுகளும் தோண்டப்பட்டுவிட்டன.

நீல நைலின் தீஸ் அபாய்க்கு நேர்ந்தது வேறு. அதை யாரும் மூழ்கடிக்கவில்லை. தானா ஏரியிலிருந்து ஆறு புறப்பட்டு முப்பது கிலோமீட்டரில் வரும் இந்த அருவி, மழைக்காலத்தில் 400 மீட்டர் அகலத்துக்கு விரிந்து 40 மீட்டருக்கு மேல் விழுந்தது. எத்தியோப்பியாவின் ஒரு பிர் பணத்தாளிலும் இடம்பெற்றது. 1964-ல் அருகில் ஒரு சிறிய மின்நிலையம் வந்தபோது பெரிய மாறுதல் தெரியவில்லை. ஏரியின் வாயிலில் தண்ணீரைக் கட்டுப்படுத்தும் தடுப்பணையும், 2001-ல் 73 மெகாவாட் கொண்ட இரண்டாவது நிலையமும் வந்த பிறகு ஆற்றின் பெரும்பகுதி கால்வாய்க்குப் போயிற்று. பல மாதங்களில் கரும்பாறை மட்டும் தெரிந்தது, ஓரத்தில் ஒன்றிரண்டு தாரைகள் விழுந்தன. 2010-ல் தானா ஏரித் தண்ணீர் சுரங்க வழியாக பேலஸ் ஆற்றுக்குத் திருப்பப்பட்டு 460 மெகாவாட் நிலையம் ஒன்று ஓடத் தொடங்கியது. அந்தத் தண்ணீர் அருவிப் பக்கமே வராமல் வெகுதூரம் கீழே நைலில் சேர்கிறது. அருவியைப் பார்க்க வருபவர்களுக்கு வழிகாட்டியும் நெய்த துணி விற்றும் பிழைத்த சிற்றூர்க் குடும்பங்களுக்கு இதில் கேட்கப்படும் குரல் இருந்ததாகத் தெரியவில்லை. எத்தியோப்பியாவுக்கு மின்சாரம் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பண்டிகை நாட்களிலாவது, மழை மாதங்களிலாவது இவ்வளவு தண்ணீர் அருவிக்கு என்று வெளிப்படையாக எழுதிவைப்பது பெரிய காரியம் இல்லை.

நமீபியாவுக்கும் அங்கோலாவுக்கும் எல்லையாக ஓடும் குனேனே ஆற்றில் இரண்டு அருவிகள் அடுத்தடுத்து உள்ளன. ஒன்று மின்சாரத்துக்குக் கொடுக்கப்பட்டது, மற்றொன்று தப்பியது. ருவாகானா வெள்ளக் காலத்தில் 700 மீட்டர் அகலத்துக்கு, 120 மீட்டர் உயரத்திலிருந்து விழக்கூடியது. தென்னாப்பிரிக்காவின் ஆளுகையில் நமீபியா இருந்தபோது கட்டிய மின்நிலையம் 1978-ல் ஓடத் தொடங்கியது. அதன் தடுப்பணை அங்கோலா மண்ணில், நிலையம் நமீபிய மண்ணில். 1988-ல் மேலே கலுவேக்கே அணை போரில் தாக்கப்பட்டது. ஓர் அருவியின் தண்ணீருக்கு இரண்டு படைகள் காவல் நின்ற காலம் அது. இப்போது நல்ல மழை பெய்து அணை நிரம்பி வழிந்தால்தான் ருவாகானாவில் அருவியைக் காணலாம். மற்ற நாட்களில் அது வெறும் பாறைச்சுவர்.

கீழே எபூபா. பாவோபாப் மரங்கள் பாறை இடுக்குகளில் தொங்க, ஆறு பல கிளைகளாகப் பிரிந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்குத் தாவித்தாவி இறங்கும் இடம். விடுதலைக்குப் பின் நமீபிய அரசு 1990-களில் இங்கே அணை கட்ட விரும்பியது. மாடு மேய்த்து வாழும் ஹிம்பா மக்கள் எதிர்த்தார்கள். அவர்களுடைய முன்னோர் கல்லறைகள் நூற்றுக்கும் மேற்பட்டவை அந்த ஆற்றங்கரையில் இருந்தன. ஒரு மேய்ச்சல் நிலத்தில் யாருக்கு உரிமை என்ற வழக்கு வந்தால், யாருடைய முன்னோர் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பது அவர்கள் வழக்கம். கல்லறை மூழ்கினால் நிலத்தின் மீதான சான்றே மூழ்கிவிடும். திட்ட அறிக்கை எழுதிய பொறியாளர்களுக்கு இதை விளக்குவதற்காகத் தலைவர் ஹிக்குமினுவே கபிக்கா ஐரோப்பா வரை சென்று பேசினார். கடைசியில் எபூபா கைவிடப்பட்டு, கீழே பேய்ன்ஸ் என்ற மலைப்பகுதி தேர்வானது. ஹிம்பாக்களின் எதிர்ப்பு ஒரு காரணம். அங்கோலா அரசு தன் நலன் கருதிப் பேய்ன்ஸை விரும்பியது மற்றொரு காரணம். இரண்டாவது இல்லாமல் முதலாவது மட்டும் வென்றிருக்குமா என்பது திறந்த கேள்விதான்.

காபோனில் வெற்றி இன்னும் தெளிவாக இருந்தது. இவிந்தோ ஆற்றின் கொங்கு அருவி மூன்று கிலோமீட்டர் அகலத்துக்குத் தீவுகளுக்கு இடையே பிரிந்து 56 மீட்டர் இறங்குகிறது. பெலிங்கா இரும்புத் தாதுச் சுரங்கத்துக்கு மின்சாரம் எடுக்க, தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் இந்த அருவியில் அணை கட்டச் சீன நிறுவனம் ஒன்றோடு அரசு உடன்படிக்கை செய்தது. மார்க் ஓனா எசாங்கி என்ற செயற்பாட்டாளர் அந்த உடன்படிக்கையின் விவரங்களை வெளியே கொண்டுவந்தார். சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே நாடு முழுதும் பேசினார், கைதானார், 2009-ல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் பரிசு பெற்றார். திட்டம் முடங்கியது. 2021-ல் இவிந்தோ பூங்கா உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

இங்காவைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும். காங்கோ நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடக்கும் ஆறு. வடக்கே மழை இல்லாத மாதங்களில் தெற்கே மழை பெய்யும், அதனால் ஆண்டு முழுதும் நீரோட்டம் அதிகம் குறைவதில்லை. மின் பொறியாளர் கனவு காணும் ஆறு அதுதான். 1972-ல் இங்கா ஒன்று (351 மெகாவாட்), 1982-ல் இங்கா இரண்டு (1,424 மெகாவாட்) கட்டப்பட்டன. இரண்டுமே ஆற்றை முழுதாகத் தடுப்பவை அல்ல, ஒரு பக்கப் பள்ளத்தாக்கின் வழியே தண்ணீரில் ஒரு பங்கை மட்டும் எடுப்பவை. அந்த மின்சாரத்தை 1,700 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கட்டங்கா செம்புச் சுரங்கங்களுக்குக் கொண்டுபோக நாட்டின் குறுக்கே கம்பி இழுத்தார்கள். அதற்காக அப்போதைய அதிபர் மொபுட்டுவின் அரசு வாங்கிய கடன் நாட்டின் கழுத்தில் நெடுங்காலம் தொங்கியது. கம்பி மேலே செல்லும் ஊர்களில் விளக்கு எரியவில்லை. இன்றும் அந்நாட்டு மக்களில் பெரும்பான்மையோர் மின்சாரம் இல்லாமல்தான் வாழ்கிறார்கள்.

அடுத்து வரவிருப்பது மாபெரும் இங்கா. முழுதாகக் கட்டினால் 40,000 மெகாவாட்டைத் தாண்டும், சீனாவின் முப்பள்ளத்தாக்கு அணையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. பல பத்தாண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. கூட்டாளிகள் வருகிறார்கள், போகிறார்கள். தென்னாப்பிரிக்கா ஒரு பங்கு மின்சாரம் வாங்க ஒப்பந்தம் செய்திருக்கிறது. இந்தத் துள்ளோட்டங்களுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது அண்மையில்தான் தெரியவந்தது. நியூயார்க் அருங்காட்சியக மீனியலாளர் மெலனி ஸ்டியாஸ்னியும் காங்கோ ஆய்வாளர்களும் அளந்தபோது ஆற்றின் ஆழம் சில இடங்களில் 200 மீட்டரைத் தாண்டியது. அந்த ஆழத்தில் வாழும், கண் மறைந்து நிறமும் இழந்த ஒரு மீன், சில வேளைகளில் மேலே இழுக்கப்பட்டு இறந்து மிதக்கிறது. நீரோட்டத்தின் விசையே ஆற்றின் ஒரு கரை மீன்களையும் மறுகரை மீன்களையும் சுவர்போட்டுப் பிரித்துத் தனித்தனி இனங்களாக்கியிருக்கிறது. அந்த விசை தணிந்தால் சுவரும் போகும். இந்தக் கணக்கு எந்த மெகாவாட் அட்டவணையிலும் வருவதில்லை.

அதே ஆற்றில் மேலே, கிசங்கானி அருகே, போயோமா துள்ளோட்டங்களின் கடைசிப் படியில், வகேன்யா மீனவர்கள் அருவியை அதன் விசை குறையாமலே பயன்படுத்துகிறார்கள். பாறைத் துளைகளில் பெரிய மரக்கால்களை ஊன்றி, கொடியால் கட்டி, கூம்பு வடிவக் கூடைகளை நீரோட்டத்தின் வாயில் தொங்கவிடுகிறார்கள். விசையில் அடித்துவரும் மீன் கூடைக்குள் போய்த் திரும்ப முடியாமல் நிற்கும். மரக்கால் எந்தக் குடும்பத்துக்கு எந்தத் துளையில் என்பது பரம்பரை உரிமை. தண்ணீர் எவ்வளவு உயரும், எந்த மாதம் தணியும் என்று அறிந்தவர்களால்தான் இதைச் செய்ய முடியும்.

மனிதன் அருவியோடு வாழ்ந்த காலம் எவ்வளவு நீண்டது என்பதற்குச் சான்று கலம்போவில் கிடைத்தது. 220 மீட்டருக்கு மேல் ஒரே வீச்சில் விழும் அந்த அருவிக்குச் சற்று மேலே, ஆற்றங்கரைச் சேற்றில், தொல்லியலாளர் டெஸ்மண்ட் கிளார்க் 1950-களில் தோண்டத் தொடங்கினார். கற்கருவிகளும், அந்தக் காலத்துக்கு நம்ப முடியாதபடி மரத்துண்டுகளும் கிடைத்தன. எப்போதும் ஈரமாக இருந்த மண் மரத்தை மக்கவிடவில்லை. லாரி பார்ஹம் தலைமையில் 2019-ல் மறுபடி தோண்டினார்கள். ஒரு கட்டையில் காடி வெட்டி இன்னொரு கட்டையைக் குறுக்காகப் பொருத்திய அமைப்பு வெளிப்பட்டது. அதன் வயது 4,76,000 ஆண்டுகள் என்று 2023-ல் வெளியான ஆய்வு சொன்னது. நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸ் தோன்றுவதற்கு வெகுகாலம் முந்தியது அது. ஈரநிலத்தில் நடைமேடையோ குடிலின் அடித்தளமோ கட்டியிருக்கலாம். உலகில் இதுவரை கிடைத்த மரக் கட்டமைப்புகளில் மிகப் பழமையானது அதுவே. தண்ணீர் வற்றி அந்த மண் ஒருமுறை காய்ந்திருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

தீஸ் அபாயைப்போலவே தென்னாப்பிரிக்காவின் துகேலாவிலும் தண்ணீர் திசை மாறியிருக்கிறது, ஆனால் தலைகீழாக. துகேலா ஆறு பீடபூமியிலிருந்து கிழக்கே விழுந்து இந்தியப் பெருங்கடலுக்குப் போகிறது. ஜோகன்னஸ்பர்க்கும் அதன் சுரங்கங்களும் இருப்பதோ பீடபூமியின் மேல், மேற்கே வடியும் வால் ஆற்றுப் படுகையில். 1970-களிலிருந்து, அருவிக்குக் கீழே அணைகளில் சேரும் துகேலாத் தண்ணீரை டிராக்கன்ஸ்பெர்க் சுவரின் மேல் இறைத்து வால் படுகைக்கு அனுப்புகிறார்கள். அதனுடன் இணைந்த 1,000 மெகாவாட் நிலையம் இரவில் தண்ணீரை மேலேற்றிப் பகலில் விழவிட்டு மின்சாரம் எடுக்கிறது. மலைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓர் அருவி தினமும் ஏறி இறங்குகிறது. பூங்காவுக்குள் இருக்கும் துகேலா அருவியை மட்டும் யாரும் தொடவில்லை. அது மிக உயரத்தில், ஆறு சிறிதாக இருக்கும்போதே விழுவதால் தப்பியது.

இப்போது சாம்பெசிக்குத் திரும்பலாம், ஏனெனில் அடுத்த பெரிய முடிவு அங்கேதான் எடுக்கப்படவிருக்கிறது. விக்டோரியா அருவியிலும் ஒரு மின்நிலையம் உண்டு. 1938-ல் ஜாம்பியக் கரையில் சிறிதாகத் தொடங்கி 108 மெகாவாட்டாக வளர்ந்தது. அக்டோபர், நவம்பரில் இயற்கையாகவே மெலிந்துபோகும் கிழக்குப் பகுதியிலிருந்து அது தண்ணீர் எடுப்பதால் அந்த மாதங்களில் ஜாம்பியப் பக்கம் இன்னும் வறள்கிறது. ஜாம்பியாவும் சிம்பாப்வேயும் சேர்ந்து அருவிக்குக் கீழே படோக்கா பள்ளத்தில் 2,400 மெகாவாட் அணை கட்டத் திட்டமிட்டிருக்கின்றன. நீர்த்தேக்கம் பள்ளத்தின் வழியே பின்னோக்கி அருவிக்கு அருகில் வரை ஏறும். துள்ளோட்டங்களில் படகு ஓட்டிப் பிழைப்பவர்கள் தொழிலை இழப்பார்கள். உலகப் பாரம்பரியக் குழு கவலை தெரிவித்திருக்கிறது.

இதை எதிர்ப்பது எளிதாக இல்லை. 2024 வறட்சியில் கரிபா அணை வற்றி, ஜாம்பியாவில் நாளின் பெரும்பகுதி மின்சாரம் இல்லாமல் மருத்துவமனைகளும் சிறு பட்டறைகளும் திணறின. அந்த மக்களிடம் போய் அருவியின் அழகைப் பற்றிப் பேச எனக்குத் துணிவு இல்லை. ஆனால் அந்த வறட்சியே திட்டத்துக்கு எதிரான மிக வலுவான வாதம். படோக்காவும் கரிபாவும் ஒரே ஆற்றில், ஒரே மழையை நம்பி இருப்பவை. கரிபாவில் பல ஆண்டுத் தண்ணீரைத் தேக்கிவைக்கலாம், அதுவே வற்றியது. படோக்காவில் தேக்க இடம் குறைவு, ஆற்றில் அன்றன்று வருவதை நம்பித்தான் ஓட வேண்டும். அக்டோபர், நவம்பரில் சாம்பெசி மெலியும்போது அங்கே 2,400 மெகாவாட்டுக்கான எந்திரங்களில் பெரும்பாலானவை நிற்கும். அந்த மாதங்களில் அந்த நாடுகளில் தாராளமாகக் கிடைப்பது வெயில். சூரிய மின்சாரத்துக்கு எவ்வளவு, அணைக்கு எவ்வளவு என்ற கணக்கை இரு அரசுகளும் மக்கள் முன் வைத்த பிறகுதான் படோக்காவில் முதல் கல்லை நட வேண்டும்.